டெலோமியர் டெஸ்ட்டில் வயது 53 என்று வந்தால் பயப்பட வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 41, உடம்பில் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. ஒரு ஆர்வத்தில் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு ரத்தம் கொடுத்து டெலோமியர் டெஸ்ட் எடுத்திருக்கிறீர்கள் (செல்லுக்குள் இருக்கும் குரோமோசோமின் நுனி டிஎன்ஏவுக்குத்தான் டெலோமியர் என்று பெயர், அதன் நீளத்தை அளக்கும் டெஸ்ட் இது). ரிப்போர்ட்டில் "உயிரியல் வயது 53" என்று வந்திருக்கிறது, கூடவே டெலோமியரை நீட்டும் என்று ஒரு மாத்திரையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு என்கிறார்களே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் உண்மையான கேள்வி, என் ஆயுளில் 12 வருடம் போய்விட்டதா என்பதுதான். அதற்குப் பதில்: இல்லை. அந்த 53 உங்கள் ஆயுளைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இவ்வளவு உறுதியாக ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமான விளக்கம் வேண்டும். நான் மருத்துவர் இல்லை. மனிதத் தோல் செல்களைப் பல வருடம் ஆய்வகத்தில் வளர்த்து, அவை முதுமையடைவதைப் பார்த்துப் பழகிய அனுபவத்தில் எழுதுகிறேன், அந்த எல்லைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை டெலோமியரில் தொடங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க, உடம்பிலிருந்து எடுத்து வளர்க்கும் செல்களுக்குச் சாவே கிடையாது என்றுதான் நம்பினார்கள். அலெக்ஸிஸ் காரெல் என்ற பெரிய விஞ்ஞானி 1912-ல் நியூயார்க்கில் கோழிக்கருவின் இதயத்திலிருந்து செல்களை எடுத்து வளர்க்கத் தொடங்கினார், அது 1946 வரை உயிரோடு இருந்ததாகச் சொன்னார்கள். (உணவாக ஊற்றிய கருச்சாறு வழியாகப் புதுச் செல்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கலாம் என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.) 1961-ல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனிதச் செல்களை வளர்த்தபோது அவை ஏறக்குறைய 50 தடவை பிரிந்துவிட்டு நின்றுவிட்டன. உணவு சரியில்லை, பாத்திரத்தில் ஏதோ விஷம் கலந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று ஹேஃப்ளிக் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நிறையத் தடவை பிரிந்த ஆண் செல்களையும், சில தடவை மட்டுமே பிரிந்த பெண் செல்களையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வளர்த்தார். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியவை பெண் செல்கள் மட்டும். ஒரே உணவு, ஒரே பாத்திரம், ஆனாலும் பழையவை நின்றுவிட்டன. உறையவைத்து எடுத்தாலும் செல்கள் விட்ட இடத்திலிருந்தே கணக்கைத் தொடர்ந்தன. ஆக, கணக்கு செல்லுக்குள்ளேயே எங்கேயோ இருக்கிறது.

அப்படி நின்றுபோன செல்லைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். இளம் ஃபைப்ரோபிளாஸ்ட் (தோலிலிருந்து எடுத்து வளர்க்கும் இணைப்புத் திசுச் செல்) மெலிந்து, இரண்டு முனையும் கூராக, பக்கத்துச் செல்லோடு அணிவகுத்துக் கிடக்கும். மைக்ரோஸ்கோப்பில் பிளாஸ்க்கைத் தள்ளிக்கொண்டே போனால் முழுக்க ஒரே திசையில் ஓடும் சுழிகளாகத் தெரியும். பல பாசேஜ் (செல்களைப் பிரித்துப் புதுப் பாத்திரத்துக்கு மாற்றுவது) கடந்ததும் அந்த ஒழுங்கு கலையும். செல் பல மடங்கு அகன்று, தட்டையாகி, ஓரம் கிழிந்தது போல, உள்ளே மணிமணியாகத் துகள்களோடு கிடக்கும். சிலவற்றில் இரண்டு உட்கருக்கள்கூட இருக்கும். ஒரு சாயம் ஊற்றி ஓர் இரவு வைத்தால் நீலமாக மாறும். ஆனால் அது செத்துவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. உணவை மாற்றிக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பிரிவது மட்டும் நின்றிருக்கும். சும்மாவும் இருக்காது, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுற்றிலும் கசியவிட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, கணக்கு எங்கே இருக்கிறது? மாஸ்கோவில் அலெக்ஸி ஒலோவ்னிகோவ் என்பவர் ஹேஃப்ளிக்கின் முடிவைக் கேள்விப்பட்டு அதே யோசனையாக இருந்தார். டிஎன்ஏ நகலெடுக்கும் நொதியால் இழையின் கடைசி நுனியை முழுதாக நகலெடுக்க முடியாது, அதனால் ஒவ்வொரு பிரிவிலும் நுனி கொஞ்சம் குறையும், அதுவே கணக்கு என்று 1971-ல் ரஷ்ய மொழியில் எழுதினார். ஜேம்ஸ் வாட்சனும் 1972-ல் நுனிப் பிரச்சினையைத் தனியாகக் கவனித்தார், ஆனால் முதுமையோடு முடிச்சுப் போட்டவர் ஒலோவ்னிகோவ். அப்போது அவர் கையில் இருந்தது வெறும் தர்க்கம்தான். நுனியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததில்லை.

அதைப் படித்தவர் எலிசபெத் பிளாக்பர்ன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கரிடம் டிஎன்ஏ வரிசை படிக்கக் கற்றுக்கொண்டு, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் காலின் ஆய்வகத்துக்கு வந்தார். எடுத்துக்கொண்ட உயிரி டெட்ராஹைமினா, குளத்து நீரில் நீந்தும் ஒற்றைச் செல் உயிரி. மனிதச் செல்லில் 46 குரோமோசோம், 92 நுனி. டெட்ராஹைமினாவின் பெரிய உட்கருவிலோ குட்டிக் குட்டி டிஎன்ஏ துண்டுகள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி. நுனியை ஆராய வேண்டுமென்றால் நுனி ஏராளமாக உள்ள உயிரியைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற அந்தத் தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. 1978-ல் வெளியான முடிவு: டி-டி-ஜி-ஜி-ஜி-ஜி என்ற ஆறு டிஎன்ஏ எழுத்து, 20 முதல் 70 தடவை வரை திரும்பத் திரும்ப. எந்தப் புரதத்துக்குமான குறிப்பும் அதில் இல்லை. பாஸ்டனில் ஈஸ்ட்டை வைத்து வேலை செய்துகொண்டிருந்த ஜாக் சோஸ்டாக் இதைக் கேட்டதும் இருவரும் சேர்ந்து அந்த நுனியை ஒரு நேர் டிஎன்ஏ துண்டின் இரண்டு முனையிலும் ஒட்டி ஈஸ்ட் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். வழக்கமாக ஈஸ்ட்டுக்குள் சிதைந்துபோகும் நேர்த் துண்டு பத்திரமாக இருந்தது. அதைவிட முக்கியம், ஈஸ்ட் அந்த அந்நிய நுனியின் மேல் தன் சொந்த எழுத்துகளையும் சேர்த்திருந்தது. ஏற்கெனவே இருப்பதை நகலெடுத்தால் இப்படி வராது. ஏதோ ஒரு நொதி புதிதாக எழுதுகிறது.

அந்த நொதியைத் தேடுகிற வேலையை 1984-ல் பெர்க்லியில் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் சேர்ந்த கேரல் கிரைடர் என்ற ஆராய்ச்சி மாணவி ஏற்றார். டெட்ராஹைமினாவின் சாற்றில் செயற்கையாகச் செய்த டெலோமியர் துண்டைப் போட்டு, கதிரியக்க எழுத்துகளைச் சேர்த்து, துண்டுகளை நீள வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டு ஃபிலிமில் பதிப்பார். அந்த வருட கிறிஸ்துமஸ் அன்று ஆய்வகத்துக்குப் போய் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது ஏணிப்படி போல வரிசையாகக் கோடுகள், ஆறு ஆறு எழுத்து இடைவெளியில், மேலே போய்க்கொண்டே இருந்தன. ஆறு என்ற எண்தான் சாட்சி. வேறு நொதி சேர்த்திருந்தால் அந்தத் தாளம் எளிதில் வந்திருக்காது. ஆனாலும் அவர்கள் உடனே கட்டுரை எழுதவில்லை, மற்ற நொதிகள் இதே போன்ற கோடுகளைப் போட்டிருக்குமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளி, 1985 டிசம்பரில்தான் வெளியிட்டார்கள். டெலோமரேஸ் என்று இன்று நாம் சொல்வது அந்த நொதியைத்தான். அது தனக்குள்ளேயே ஓர் ஆர்என்ஏ இழையை அச்சாக வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதுகிறது என்பதும் சில வருடத்தில் தெளிவானது. பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக, அதாவது குரோமோசோமின் நுனி எப்படிக் காக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காக. ரத்தம் எடுத்து வயது சொல்வதற்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. உங்கள் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெயர்களை அச்சடித்திருப்பதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது.

மனிதச் செல்லுக்கு வருவோம். நம் நுனி எழுத்து டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி. 1990-ல் கால்வின் ஹார்லி, புரூஸ் ஃபுட்சர், கிரைடர் மூவரும் வளர்ப்பிலுள்ள மனித ஃபைப்ரோபிளாஸ்ட்டில் பிரிவுக்குப் பிரிவு டெலோமியர் குறைவதைக் காட்டினார்கள். குறைவதால்தான் நிற்கிறதா, அல்லது இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து நடக்கிறதா என்ற சந்தேகம் 1998 வரை இருந்தது. அந்த வருடம் டெலோமரேஸின் மரபணுவைச் சாதாரண மனிதச் செல்களுக்குள் நுழைத்தார்கள், அவை வழக்கமான எல்லையைத் தாண்டி ஆரோக்கியமாகப் பிரிந்துகொண்டே போயின. வளர்ப்பிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற செல்களுக்கு டெலோமியர்தான் ஹேஃப்ளிக்கின் கணக்கு என்பதில் இனி ஐயமில்லை. ஆனால் செல் நிற்பதற்கு அது ஒன்றே வழி என்று நினைக்காதீர்கள். டிஎன்ஏ சேதம், புற்றுநோய் மரபணு தூண்டப்படுவது, ஆக்சிஜன் பாதிப்பு, இவற்றாலும் டெலோமியர் நீளமாக இருக்கும்போதே செல் நின்றுவிடும்.

இதுவரை சொன்னது உறுதியானது. ஒரு செல் முதுமையடைவதிலிருந்து ஒரு மனிதர் முதுமையடைவதற்குத் தாவும்போதுதான் சிக்கல். ஆய்வக எலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம், ஆயுளோ இரண்டு மூன்று வருடம். நீளம்தான் ஆயுள் என்றால் எலி நம்மைவிட அதிக காலம் வாழ வேண்டும். 1997-ல் டெலோமரேஸே இல்லாத எலிகளை உருவாக்கியபோது முதல் தலைமுறை நன்றாகவே இருந்தது, பல தலைமுறை கழித்து நுனி உண்மையிலேயே தேய்ந்த பிறகுதான் கோளாறுகள் வந்தன. 2010-ல் டெலோமரேஸைத் திரும்பக் கொடுத்து எலியின் முதுமையைத் திருப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்ததே, அதுவும் இதேபோல் நொதியை முதலில் வேண்டுமென்றே பறித்த எலிகள்தான். பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால் தேறுவது ஒன்று, இயல்பாக வயதானதைத் திருப்புவது வேறு. அதோடு நம் மூளையின் நரம்புச் செல்களும் இதயத் தசைச் செல்களும் பெரும்பாலும் பிரிவதே இல்லை. வெள்ளணுவில் எடுத்த அளவு அவற்றின் நிலையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசும்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறக்கும்போது வெள்ளணுக்களில் டெலோமியர் சராசரியாகப் 10 ஆயிரம் எழுத்து அளவில் இருக்கும். பெரியவர்களில் வருடத்துக்குச் சுமார் 20 முதல் 30 எழுத்து குறையும். 25 என்று வைத்துக்கொண்டால், 41-க்கும் 53-க்கும் இடையில் உள்ள 12 வருடம் 300 எழுத்து. ஆனால் ஒரே வயதில், ஒரே மாதிரி ஆரோக்கியமாக இருக்கும் மனிதர்களுக்குள்ளேயே சில ஆயிரம் எழுத்து வித்தியாசம் சாதாரணம், பெரும்பகுதி அப்பா அம்மாவிடமிருந்து வந்தது. மேலும் இத்தகைய டெஸ்ட்கள் பெரும்பாலும் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கி அளப்பது) முறையில் எடுக்கப்படுபவை, அது எழுத்தை எண்ணுவதில்லை, ஒரு விகிதத்தைத்தான் தருகிறது. அந்த முறையில் 5 விழுக்காடு பிழை என்பது நல்ல ஆய்வகத்திலும் நடக்கும். 7 ஆயிரத்தில் 5 விழுக்காடு 350. அதாவது உங்களைப் பயமுறுத்திய 12 வருடம் முழுவதும் அளவுகோலின் நடுக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதே ரத்தத்தை மறுபடி கொடுத்தால் 38 என்று வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. டெஸ்ட் தருவது சராசரி. செல்லுக்குச் சராசரி பொருட்டே இல்லை. ஏதோ சில நுனிகள் மிகவும் குறுகிப் பாதுகாப்பை இழந்தால் போதும், செல் அதை உடைந்த டிஎன்ஏ என்று எடுத்துக்கொண்டு பி53 என்ற காவல் புரதம் வழியாகப் பிரிவதை நிறுத்திவிடும். கிரைடரின் குழு 2001-லேயே இதை எலியில் காட்டியது. 2024-ல் அவரது குழுவே நேனோபோர் என்ற, நீளமான டிஎன்ஏ இழையை அப்படியே படிக்கும் முறையில் ஒவ்வொரு குரோமோசோம் நுனியையும் தனித்தனியாக அளந்து, குறிப்பிட்ட சில நுனிகள் பலருக்கும் எப்போதுமே நீளம், வேறு சில எப்போதுமே குட்டை என்று காட்டியிருக்கிறது.

மன அழுத்தம், உணவு, தியானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் நான் தயங்குகிறேன். 2004-ல் உளவியலாளர் எலிசா எபெலும் பிளாக்பர்னும் 58 தாய்மார்களை ஆராய்ந்தார்கள், அவர்களில் பலர் நீண்டகால நோயுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள். அழுத்தத்தை அதிகம் உணர்ந்தவர்களுக்கு டெலோமியர் குட்டையாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் தொடர்பு இருக்கிறது, ஆனால் சின்னது, எது எதற்குக் காரணம் என்பதும் தீரவில்லை. வாழ்க்கைமுறையை மாற்றியதால் டெலோமியர் நீண்டது என்று 2013-ல் பேசப்பட்ட ஆய்வில் மாற்றிக்கொண்டவர்கள் 10 ஆண்கள் மட்டும். தவிர, ஒரு காய்ச்சலோ சளியோ வந்து போனாலே ரத்தத்தில் புது வெள்ளணு, பழைய வெள்ளணு விகிதம் மாறும். எந்தச் செல்லின் நுனியும் நீளாமலேயே சராசரி ஏறலாம், இறங்கலாம். நடக்கவும் தூங்கவும் புகையை விடவும் டெலோமியர் காரணம் தேவையில்லை, இதயமும் சர்க்கரையும் போதிய காரணங்கள்.

மாத்திரையைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது: வாங்காதீர்கள். வேலை செய்யாவிட்டால் பணம் போகும், அது பரவாயில்லை. வேலை செய்தால்தான் எனக்குப் பயம். நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் டெலோமரேஸை அணைத்தே வைத்திருப்பது கவனக்குறைவால் வந்ததில்லை. 1994-ல் புற்றுநோய்க் கட்டிகளைச் சோதித்தபோது சுமார் 90 விழுக்காட்டில் டெலோமரேஸ் விழித்திருந்தது. கட்டுக்கடங்காமல் பிரியத் தொடங்கிய செல்லை ஒரு கட்டத்தில் நிறுத்துவது அந்தக் குட்டையாகும் நுனிதான். பிறவியிலேயே நீளமான டெலோமியருக்குச் சாய்வான மரபணு உள்ளவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் கொஞ்சம் குறைவு, ஆனால் தோல், மூளை, நுரையீரல் புற்றுநோய்களில் சில வகைகள் கூடுதல் என்று பெரிய மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. 2023-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மேரி அர்மானியோஸின் குழு, பாட்1 என்ற மரபணு மாற்றத்தால் டெலோமியர் அசாதாரண நீளமாக உள்ள குடும்பங்களை விவரித்தது. சிலருக்கு முதிய வயதிலும் முடி நரைக்கவில்லை, பார்க்க இளமையாக இருந்தார்கள், ஆனால் பலவகைக் கட்டிகளும் ரத்த செல் கோளாறுகளும் அவர்களைச் சுற்றியிருந்தன. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமெடெல்ஸ்டாட் என்ற மருந்து டெலோமரேஸைத் தடுப்பது, தூண்டுவது இல்லை. ஒரு வகை மஜ்ஜைக் கோளாறில் வரும் ரத்தசோகைக்கு அதைக் கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு டெலோமியர் அளப்பதே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உண்மையிலேயே குட்டையாகிப் போனவர்கள் இருக்கிறார்கள், டெலோமரேஸின் அல்லது நுனியைக் காக்கும் புரதங்களின் மரபணுவில் பழுதோடு பிறந்தவர்கள். சிறு வயதில் வந்தால் நகம் சிதைந்து, தோலில் வலைபோல் நிறம் மாறி, வாயில் வெள்ளைத் திட்டு தோன்றி, எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதைக் குறைத்துக்கொண்டே போகும். டிஸ்கெரட்டோசிஸ் கன்ஜெனிட்டா என்பார்கள். நடுவயதில் வந்தால் பெரும்பாலும் நுரையீரலில் தழும்பு விழும் ஃபைப்ரோசிஸாக வரும், சிலருக்குக் குடிப்பழக்கமே இல்லாமல் கல்லீரல் சுருக்கம். தலைமுறை இறங்க இறங்க இன்னும் சின்ன வயதில், இன்னும் கடுமையாக வருவது இதன் குணம். ஆகவே உங்கள் வீட்டை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். இருபதுகளிலேயே முழுக்க இளநரை கண்டவர், காரணம் தெரியாமல் பிளேட்லெட் குறைந்தவர், நுரையீரல் ஃபைப்ரோசிஸ் வந்தவர் என்று ஒரே ரத்த வழியில் இரண்டு மூன்று பேர் இருந்தால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இளநரை மட்டும் இருந்தால் பயம் வேண்டாம், அது நம் ஊரில் எத்தனையோ பேருக்கு வரும். அப்படிப்பட்ட குடும்பங்களில் எடுக்க வேண்டியது ஃப்ளோ ஃபிஷ் என்ற சோதனை (ஒளிரும் சாயத்தால் ரத்த செல்களின் டெலோமியர் நீளத்தை அளப்பது), கூடவே மரபணுப் பரிசோதனை. அதில் வரும் விடை சிகிச்சையையே மாற்றும். நுரையீரல் ஃபைப்ரோசிஸில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் டெலோமியர் மிகக் குட்டையானவர்களுக்குக் கேடு செய்ததைப் பார்த்திருக்கிறார்கள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் மருந்தின் வீரியத்தையும் இவர்களுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். அண்ணனோ தங்கையோ மஜ்ஜை தர முன்வந்தால், அவர்களுக்கும் அதே மரபணுப் பழுது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் அவர்களும் அதைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும்.